சுவை பறித்த அப்பம்

ஒருவனைச் சிறைக்கு அனுப்பிவிடுவதாக மிரட்ட நம்மவர் வாயில் இரண்டு பேச்சுகள் வரும். ஒன்று, ‘கம்பி எண்ண வைக்கிறேன் பார்’ என்பது. மற்றொன்று, ‘களி தின்ன வைக்கிறேன் பார்’ என்பது. சிறை என்றதும் இரும்புக் கம்பி நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் கம்பிக்கு அடுத்தபடியாகத் தட்டில் விழும் உணவும் நினைவுக்கு வருகிறதே, அது சிந்திக்கத் தக்கது. பாவம், களி என்ன குற்றம் செய்தது! கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்புமாக உண்டு உரம் பெற்ற உடம்புகள் நம் வீடுகளில் எத்தனை! தாய் கிளறி உருட்டிக் கையில் தந்தால் அது விருந்து. முகம் தெரியாத ஒருவன் கம்பியின் ஊடே தள்ளினால் அதுவே தண்டனை. பண்டம் ஒன்றுதான், தருகின்ற கை வேறு.

ஆனால் இம்மாதம் நான் எழுத எண்ணியது களியைப் பற்றி அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறைகளில், அடங்காத கைதியை அடக்குவதற்கென்றே சுடப்படும் ஓர் அப்பத்தைப் பற்றி. அதற்கு ‘நியூட்ராலோஃப்’ என்று பெயர். முற்பாதி சத்தைக் குறிக்கும். ‘லோஃப்’ என்பது நாம் பேக்கரியில் வாங்கும் முழு ரொட்டி. ‘சத்து ரொட்டி’ என்று மொழிபெயர்த்துவிட்டால், பிள்ளைகளுக்கு நல்லதாயிற்றே என்று வாங்கிவரத் தோன்றும்! சில சிறைகளில் ஒளிவுமறைவின்றி ‘ஒழுங்கு ரொட்டி’ என்றே அதைச் சொன்னார்கள். அந்தப் பெயரே நேர்மையானது.

செய்முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெர்மான்ட் மாநிலத்துச் சிறைகளில் அதற்குள் சென்றவை இவை: முழுக் கோதுமை ரொட்டி, பாலில்லாமல் செய்த பாலாடைக்கட்டி, பச்சைக் கேரட், பசலைக் கீரை, உலர்ந்த திராட்சை, அவரை வகைப் பயறு, தாவர எண்ணெய், தக்காளி விழுது, பால் பொடி, உலர்ந்த உருளைக்கிழங்குச் சீவல். தனித்தனியே பார்த்தால் ஒன்றிலும் குறை சொல்ல இயலாது. எந்த இல்லத்தரசியும் அவற்றைக் கொண்டு நான்கு நல்ல கறி வகைகள் செய்துவிடுவாள். ஆனால் அவை அனைத்தையும் ஒன்றாகப் பிசைந்து, அச்சில் அடைத்து, கெட்டியாகும்வரை சுட்டால் கிடைப்பது என்ன? கீரையின் சுவையும் இல்லை, திராட்சையின் சுவையும் இல்லை, ரொட்டியின் மணமும் இல்லை. மங்கிய நிறத்தில் ஒரு கட்டி. அதைத் தட்டின்றி, கரண்டியின்றி, காகிதத்தில் வைத்து, குடிக்கத் தண்ணீரோடு தருவார்கள். காலையிலும் அதுவே, நண்பகலிலும் அதுவே, இரவிலும் அதுவே.

நடுநிலை தவறாமல் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த அப்பம் சிறைக் காவலரின் மனக்கொடுமையிலிருந்து மட்டும் பிறந்ததன்று. உணவுத் தட்டைக் காவலர் முகத்தில் வீசும் கைதிகள் உண்டு. சிறுநீரையும் மலத்தையும் கிண்ணத்தில் சேர்த்து வைத்து, அறைக் கதவின் துளை திறந்ததும் எறிபவர்களும் உண்டு. கரண்டியைத் தீட்டிக் கத்தியாக்குவதும் நடக்கிறது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு காவலர், வீட்டிலே மனைவி மக்கள் காத்திருக்க, இந்த அசிங்கத்தை ஆண்டுக்கணக்கில் சகிக்க வேண்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. தட்டும் கரண்டியும் இல்லாத உணவு வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தட்டையும் கரண்டியையும் எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுகிறதே! கையால் உண்ணத்தக்க ரொட்டித் துண்டுகளும் ஒரு பழமும் காகிதத்தில் சுற்றித் தந்தால் போதாதா? (கையால் உண்பது எப்படி என்று நம்மைக் கேட்டிருந்தால் நாமே சொல்லிக் கொடுத்திருப்போம்.) சுவையையும் சேர்த்து எடுக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? வழக்கு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

இதற்கு ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு. ஆர்க்கன்சாஸ் மாநிலத்துச் சிறைப் பண்ணைகளில், தண்டனை அறையில் அடைக்கப்பட்டவர்களுக்கு ‘க்ரூ’ என்ற ஒரு பண்டம் கொடுக்கப்பட்டது. இறைச்சி, உருளைக்கிழங்கு, செயற்கை வெண்ணெய், சர்க்கரைப் பாகு, காய்கறி, முட்டை ஆகியவற்றைக் கூழாக மசித்து, தகட்டில் ஊற்றிச் சுட்டு, நான்கு அங்குலச் சதுரங்களாக வெட்டியது அது. நாள் முழுவதற்கும் 1,000 கலோரிக்கும் குறைவான உணவே அவர்களுக்குக் கிடைத்தது. 8 அடிக்கு 10 அடி அளவுள்ள, சன்னலற்ற அறையில் சராசரியாக நான்கு பேர்; சில வேளைகளில் பத்து, பதினொரு பேர். இரவில் விரிக்கும் மெத்தைகளைக் காலையில் ஒன்றாகக் குவித்து, மாலையில் கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள். தொற்று மஞ்சள் காமாலைக்காரன் படுத்தது யாருக்கு வரும் என்று தெரியாது. அந்தச் சிறைகளைப் பற்றிய வழக்கு 1969-ல் தொடங்கி, ஒன்பது ஆண்டுகள் இழுத்து, 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தண்டனைத் தனியறையில் 30 நாளுக்கு மேல் யாரையும் வைக்கலாகாது என்ற கீழ் நீதிமன்றத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், அழுக்கு அறையும் க்ரூ உணவும் சில நாட்களுக்குப் பொறுக்கக் கூடியவையாக இருக்கலாம், வாரக்கணக்கில் மாதக்கணக்கில் நீண்டால் அதுவே கொடுமையாகும் என்ற கருத்தைக் கூறினார்.

கவனியுங்கள்: க்ரூவே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதிலிருந்து சிறை அதிகாரிகள் கற்றுக்கொண்ட பாடம், கலோரிக் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. பின்வந்த அப்பங்களில் புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, வைட்டமின் இவ்வளவு என்று கணக்கு ஒழுங்காக இருந்தது. எனவே 1993-ல் ஓரிகன் மாநிலக் கைதி ஒருவரின் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அப்பத்தில் சட்ட மீறல் எதுவும் இல்லை என்றது. உடல்நலம் காக்கப் போதிய உணவைத் தருவதே அரசின் கடமை. அது நாவுக்கு இனிமையாகவோ கண்ணுக்கு அழகாகவோ இருக்க வேண்டியதில்லை என்பது அந்நாட்டு நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விதி.

அந்த விதியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. சிறைக்கூடம் விருந்து மண்டபம் அன்று. குற்றம் செய்யாத ஏழை வெறுங்கஞ்சி குடிக்கும்போது, கொலை செய்தவனுக்குக் கூட்டு பொரியல் கேட்பதா என்று நம் ஊர்த் திண்ணையிலும் ஒருவர் கேட்கக்கூடும். ஆனால் ஏழையின் கஞ்சியில் இல்லாத ஒன்று இந்த அப்பத்தில் இருக்கிறது. ஏழை வீட்டுத் தாய் இருப்பதைக் கொண்டு இயன்றவரை சுவையாக்கப் பார்க்கிறாள்; ஒரு மிளகாயைச் சுட்டாவது கஞ்சியோடு வைக்கிறாள். அங்கேயோ இருந்த சுவையை அழிப்பதற்கு ஒருவர் உட்கார்ந்து வழி கண்டிருக்கிறார். வறுமையால் வந்த சுவையின்மை வேறு, திட்டமிட்டுச் செய்த சுவையின்மை வேறு.

இதைச் சட்டத்தின் மொழியில் தெளிவாக எடுத்துரைத்த தீர்ப்பு 2009-ல் வெர்மான்ட் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. அம்மாநிலச் சட்டப்படி ஒரு கைதியைத் தண்டிக்க வேண்டுமானால் முன்னதாக அவனுக்குக் குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரணை நடத்த வேண்டும். இந்த அப்பத்தைக் கொடுப்பதற்கு முன் அப்படி விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சிறைத்துறை சொன்ன விடை: இது தண்டனையே அன்று, நடத்தையைச் சீர்செய்ய மேற்கொள்ளும் ஓர் ஏற்பாடுதான். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வழக்கமான உணவை நிறுத்திவிட்டு இந்த அப்பத்தையும் தண்ணீரையும் மட்டும் தருவது தண்டனையே, எனவே விசாரணை தேவை என்று தீர்ப்பளித்தது. அந்த அப்பத்தைக் காட்டி மிரட்டினாலே போதும், கைதிகள் வழிக்கு வந்துவிடுகிறார்கள் என்று பல சிறை அதிகாரிகள் பெருமையோடு கூறியிருக்கிறார்கள். ஒரே பண்டம் சத்தைக் கேட்கும்போது உணவு என்றும், பயனைக் கேட்கும்போது தண்டனை என்றும் இரட்டை வேடம் போடுகிறது!

இங்கே என் சொந்த நினைவு ஒன்று குறுக்கிடுகிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். பள்ளி நாட்களில் நான் தங்கியிருந்த விடுதியில், இரவுப் படிப்பு வேளையில் தூங்கி விழுந்தவனுக்கு மறுநாள் காலைக் கஞ்சிக்குத் துவையல் கிடையாது, உப்பும் கிடையாது. கஞ்சியின் அளவு மட்டும் ஒரு கரண்டியும் குறையாது. அனைவரும் அமர்ந்து உண்ணும்போது அவன் சுவரோரம் நின்றுகொண்டு குடிக்க வேண்டும். அந்தச் சுவரோரத்தில் நான் நின்ற நாட்கள் பல. வயிறு நிறைந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் நினைவில் நிற்பது பசியன்று. தலை குனிந்து குடித்த அந்த வெள்ளைக் கஞ்சியின் நிறம். அதனால் எனக்குத் தூக்கம் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. பிள்ளையிடம் கோபம் வந்தால் ‘இன்று உனக்குக் குழம்பு கிடையாது, வெறுஞ்சோற்றைத் தின்னு’ என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இல்லாமல் இல்லை. சொல்லிவிட்டு, சற்று நேரத்தில் மனம் கேளாமல் குழம்புக் கிண்ணத்தை நகர்த்தி வைக்கும் தாய்மாரும் நம் வீடுகளிலேதான் இருக்கிறார்கள்.

சிறைக்குத் திரும்புவோம். 2012-ல் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி சிறையிலிருந்து வந்த ஒரு வழக்கில், அந்த அப்பத்தை உண்ட கைதி வாந்தியாலும் வயிற்று நோவாலும் துன்புற்று, தம் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காட்டை இழந்திருந்தார். கீழ் நீதிமன்றம் தள்ளிய அவ்வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. தாளில் எழுதிய சத்துக் கணக்கு வயிற்றில் தங்கினால்தானே சத்து! 2015 டிசம்பரில் நியூயார்க் மாநிலம், தனிமைச் சிறை பற்றிய வழக்கொன்றில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தன் சிறைகளில் இந்த வழக்கத்தைக் கைவிட ஒப்புக்கொண்டது. அங்கே மாவும் உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்த்துச் சுட்ட ரொட்டியோடு பச்சை முட்டைக்கோசைக் கொடுத்து வந்தார்கள். உணவை ஒழுங்கு நடவடிக்கையாகப் பயன்படுத்துவது அமெரிக்கச் சிறைத்துறைச் சங்கத்தின் நெறிகளுக்கே மாறானது. ஆயினும் அந்நெறிகள் எல்லாச் சிறைகளையும் கட்டுப்படுத்துவன அல்ல. அந்நாட்டில் வழக்கம் முழுவதும் ஒழிந்துவிடவில்லை.

அதே 2015 டிசம்பரில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, கைதிகளை நடத்துவது பற்றிய விதிகளைப் புதுப்பித்து, அவற்றுக்கு ‘நெல்சன் மண்டேலா விதிகள்’ என்று பெயரிட்டது. 1955-ல் வகுத்த பழைய விதிகள், மருத்துவர் பரிசோதித்துத் தாங்குவான் என்று எழுதிக் கொடுத்தால் கைதியின் உணவைக் குறைக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தன. புதிய விதிகள் அக்கதவை மூடின: உணவையோ குடிநீரையோ குறைப்பது தண்டனையாக அமையவே கூடாது. உணவு சத்துள்ளதாக இருப்பதோடு, நன்கு சமைத்து நல்ல முறையில் பரிமாறப்படவும் வேண்டும் என்று பழைய விதிகளிலேயே இருந்த சொற்களைப் புதியவையும் காத்துக்கொண்டன. பரிமாறுதல் என்ற சொல் ஒரு சிறை விதியில் இடம்பெற்றிருப்பது எனக்குப் பெரும் மனநிறைவைத் தருகிறது.

மண்டேலாவின் பெயரை அங்கே வைத்தது பொருத்தமே. ராபன் தீவில் உணவு நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தது. இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் ரொட்டி உண்டு. ஆப்பிரிக்கருக்கு இல்லை, மக்காச்சோளக் கூழ்தான். ஒரே வழக்கில் ஒரே தண்டனை பெற்று வந்த மண்டேலாவுக்கும் அகமது கத்ராடாவுக்கும் தட்டு வெவ்வேறு. செய்தித்தாள் ஒன்றை வைத்திருந்ததற்காக மண்டேலாவைத் தனியறையில் அடைத்தபோது அவருக்குக் கிடைத்தது ‘அரிசித் தண்ணீர்’. அரிசி வெந்த நீர், அவ்வளவே. நாம் கஞ்சித்தண்ணீர் என்று உப்பிட்டுக் குடிப்பது அங்கே தண்டனையின் பெயராயிற்று.

ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துத் தண்டிக்கும் முறை அமெரிக்கக் கடற்படையில் 2019 சனவரியில்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. கப்பலில் இருக்கும் கீழ்நிலை மாலுமியை மூன்று நாள் வரை அப்படி அடைத்து வைக்க அதுவரை தளபதிக்கு உரிமை இருந்தது. இந்த ரொட்டியும் தண்ணீரும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால், கத்தோலிக்கராகிய நாம் சற்றே கூசத்தான் வேண்டும். இடைக்காலத்தில் நம் குருக்கள் பாவப் பரிகாரத்துக்காக விதித்த ஒறுத்தல் அது. பாவி தானே விரும்பி ஏற்றபோது அது தவம். பிறர் பூட்டிய அறைக்குள் திணித்தபோதும் அதற்குத் தவம் என்ற பெயரையே விட்டு வைத்தார்கள். சிறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்களில் ஒன்று தவம் என்ற சொல்லிலிருந்தே பிறந்தது.

ஆனால் அதற்கும் முந்தைய ஒரு வழி நம்மிடம் இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், தவறு செய்த சகோதரனைப் பொதுப் பந்தியிலிருந்து விலக்கச் சொல்கிறார். மற்றவர்கள் நண்பகலில் உண்டால் அவன் பிற்பகலில், தனியாக உண்பான். தண்டனை தனிமையிலும் காத்திருப்பிலும் இருந்தது. பெருங்குற்றமானால் உணவின் அளவையும் வேளையையும் மடாதிபதி தகுந்தபடி முடிவு செய்வார். அதோடு அவர் நிறுத்தவில்லை. விலக்கப்பட்டவன் மனம் உடைந்து போகாதபடி, வயதில் முதிர்ந்த, விவேகமுள்ள சகோதரர் சிலரை மடாதிபதி அவனிடம் மறைவாக அனுப்பி ஆறுதல் சொல்லச் செய்ய வேண்டும் என்றும் எழுதி வைத்தார். வெர்மான்டின் சமையல் குறிப்பில் அப்படிப்பட்ட முதியவர் ஒருவருக்கு இடமில்லை.

மறைவாக அனுப்பப்பட்டவர் அல்லர், தாமாகவே போனவர் ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1897-ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் ரெடிங் நகரச் சிறையில், பிற்காலத்தில் மரணப் படுக்கையில் நம் திருச்சபையில் சேர்ந்த ஆஸ்கார் வைல்டு என்னும் எழுத்தாளர் தம் ஈராண்டுத் தண்டனையின் கடைசி நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தார். முயல் பிடித்த குற்றத்துக்கு விதித்த அபராதத்தைக் கட்ட இயலாத மூன்று சிறுவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஒரு சிறுவனுக்குப் பொருந்தும் அளவில் சிறை உடுப்பே இல்லை, அவ்வளவு சிறியவன். அக்காலச் சிறையில் குழந்தைக்கும் பெரியவருக்கும் உணவு ஒன்றே. காலை ஏழரைக்கு ஒரு துண்டு முரட்டு ரொட்டியும் தகரக் குவளையில் தண்ணீரும். நண்பகலில் மக்காச்சோள மாவுக் கூழ். மாலை ஐந்தரைக்கு மறுபடியும் காய்ந்த ரொட்டியும் தண்ணீரும். பெரியவர்களுக்கே அது வயிற்றுப்போக்கை உண்டாக்கிற்று. அழுது அழுது களைத்த பிள்ளையின் தொண்டையில் அது எப்படி இறங்கும்?

அச்சிறுவர்களின் அபராதத்தைத் தாம் கட்டி அவர்களை வெளியே எடுக்க முடியுமா என்று வைல்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி, மார்ட்டின் என்ற காவலரிடம் கேட்டார். அந்தக் காவலர் ஏற்கெனவே பிள்ளைகளைக் கவனித்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை, பசியால் அழுதுகொண்டே ரொட்டியை உண்ண மாட்டாமல் வைத்திருந்த ஒரு சிறுவனைப் பார்த்தார். காலை உணவு கொடுத்து முடிந்ததும் வெளியே போய், இனிப்பு பிஸ்கத்து சில வாங்கி வந்து அவனிடம் கொடுத்தார். சிறை விதிப்படி அது குற்றம்.

பிள்ளைக்குச் சிறை விதி தெரியுமா? அடுத்து வந்த மூத்த காவலரிடம், இந்த மாமா எனக்கு எவ்வளவு நல்லவராக இருந்தார் தெரியுமா என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டான். மார்ட்டின் வேலையை இழந்தார். விடுதலையாகி வெளியே வந்த வைல்டு, ஒன்பதாம் நாள் லண்டன் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த நீண்ட கடிதத்தில் இதை நாடறியச் செய்தார்.